பொதுப் பக்கவாதம்: மனநோய்க்கு முதன்முதலில் ஒரு காரணம் பிடிபட்ட கதை

இரண்டு வருடங்களுக்கு முன்பு என் பெரியம்மாவை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனோம். அறுபத்தெட்டு வயது. அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுவார். எப்போதோ இறந்துபோன தன் அண்ணன் வாசலில் நிற்கிறார் என்பார். நடுராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுவார். ஆறே மாதத்தில் ஆளே மாறிப்போயிருந்தார். டாக்டர் அரை மணி நேரம் பொறுமையாகப் பேசிவிட்டு, ஒரு சீட்டில் ரத்தப் பரிசோதனைகளை எழுதித் தந்தார். தைராய்டு, பி12, சர்க்கரை, சோடியம், கடைசி வரியில் வி.டி.ஆர்.எல்.

லேபில் அந்தச் சீட்டைப் படித்ததும் என் அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "இது பால்வினை நோய்க்குப் பார்க்கிற டெஸ்ட்டுடா. அம்மாவுக்கு எதுக்கு இது? மனசு சரியில்லைன்னுதானே வந்தோம்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடித் தேடிப் படித்தபோதுதான், அந்தக் கடைசி வரிக்குப் பின்னால் நூறு வருட வரலாறு இருப்பது புரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனநோய் ஆராய்ச்சி எந்தப் பாதையில் போனது, எங்கே வென்றது, எங்கே மனிதர்களைச் சீரழித்தது என்பதை அந்த ஒரு நோயை வைத்தே சொல்லிவிடலாம். அதன் பெயர் பொதுப் பக்கவாதம். மருத்துவ நூல்களில் 'ஜெனரல் பேரிசிஸ்' என்று இருக்கும்.

1900 வாக்கில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மனநலக் காப்பகங்கள் ஊருக்கு வெளியே, பெரிய மதில்களுக்குள் இருந்தன. ஒரே வளாகத்தில் ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர். உள்ளே போனவர்களில் பலர் உயிரோடு திரும்பியதில்லை. மருத்துவர்கள் கையில் நோய்களின் பெயர்கள் இருந்தன, காரணங்கள் இல்லை. சேர்க்கைப் பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் குடி, காதல் தோல்வி, வியாபார நஷ்டம், அளவுக்கு மீறிய உழைப்பு, பரம்பரை என்று வீட்டார் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு வகை நோயாளியை மட்டும் அனுபவமுள்ள காப்பக மருத்துவர் யாரும் எளிதில் அடையாளம் கண்டுவிடுவார்.

பெரும்பாலும் ஆண். நாற்பது வயதை ஒட்டியவர். அதுவரை ஒழுங்காக வேலை பார்த்து, குடும்பம் நடத்தி, நாலு பேரிடம் நல்ல பெயர் எடுத்தவர். திடீரென்று எரிந்து விழுவார். கணக்கு வழக்கில்லாமல் செலவு செய்வார். பிறகு பெருமை தலைக்கேறும். தன்னிடம் கோடி கோடியாகப் பணம் இருக்கிறது, நாடே தன்னுடையது, தான்தான் பேரரசர் என்பார். அதைச் சொல்லும்போதே உதடும் நாக்கும் நடுங்கும். நீளமான சொற்களில் எழுத்துகள் இடம் மாறும். எழுதச் சொன்னால் கையெழுத்து கோணும், எழுத்துகள் விடுபடும். கண்ணில் வெளிச்சம் அடித்தால் பாவை சுருங்காது. அதே பாவை, விரலைக் கிட்டே கொண்டுவந்தால் சுருங்கும். ஸ்காட்லாந்தின் கண் மருத்துவர் ஆர்கைல் ராபர்ட்சன் 1869-இல் இந்த விசித்திரத்தைக் குறித்துவைத்தார். பேரரசர் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் மறப்பார். கை கால் விழும், வலிப்பு வரும், படுக்கைப் புண் வரும். நோய் தெரிந்ததிலிருந்து மூன்று நான்கு வருடத்தில் பெரும்பாலும் கதை முடிந்துவிடும். பல காப்பகங்களில் சேர்ந்த ஆண்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இந்த நோயாளிகள்தான்.

இந்த நோய்க்கு உருவம் கொடுத்தவர் அந்துவான் பேல் என்ற இளம் பிரெஞ்சு மருத்துவர். பாரிஸுக்குப் பக்கத்தில் ஷரான்டோன் என்ற காப்பகத்தில் வேலை பார்த்த அவர், 1822-இல் தன் ஆய்வேட்டில் ஒரு புதிய கருத்தைச் சொன்னார். அதுவரை பெருமைப் பித்து ஒரு நோய், புத்தி மழுங்கல் இன்னொரு நோய், பக்கவாதம் மூன்றாவது நோய். பித்துப் பிடித்தவருக்குத் தனியாகப் பக்கவாதமும் வந்து சேர்ந்தது என்றுதான் நினைத்தார்கள். மூன்றும் ஒரே நோயின் மூன்று பருவங்கள் என்றார் பேல். இறந்தவர்களின் மண்டையைத் திறந்து பார்த்து, மூளையைப் போர்த்தியிருக்கும் உறை தடித்து வீங்கியிருப்பதையும் காட்டினார்.

இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் பிற்கால மனநல ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு யோசனை மேல்தான் எழுந்தது. ஒரு படித்துறையில் நின்று பார்த்தால் எல்லா ஆறும் ஒன்றுபோலத்தான் தெரியும். எங்கே பிறக்கிறது, எந்த ஊர் வழியாகப் போகிறது, எங்கே கடலில் சேர்கிறது என்று கூடவே நடந்து பார்த்தவருக்குத்தான் காவிரி எது, வைகை எது என்று தெரியும். நோயும் அப்படித்தான். இன்று ஒருவர் அழுகிறார், குரல் கேட்கிறது என்கிறார் என்பதை மட்டும் வைத்து என்ன நோய் என்று சொல்ல முடியாது. எப்படித் தொடங்கியது, எப்படி நகர்ந்தது, எங்கே முடிந்தது என்று பார்க்க வேண்டும்.

ஜெர்மனியின் எமில் கிரெப்பெலின் இதை ஒரு முறையாகவே மாற்றினார். ஹைடல்பெர்க்கிலும் பிறகு மியூனிக்கிலும் மருத்துவமனைகளை நடத்திய அவர், ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட்டார். வந்தபோது என்ன நிலை, போனபோது என்ன நிலை, வருடங்கள் கழித்து என்ன ஆனார் என்று அதில் ஏறிக்கொண்டே போகும். நூற்றுக்கணக்கான அட்டைகளைப் பிரித்துப் பிரித்து அடுக்கியதில் அவருக்கு இரண்டு பெரிய குவியல்கள் கிடைத்தன. இளவயதில் தொடங்கி, மெல்ல மெல்ல மனதைச் சிதைத்துக்கொண்டே போகும் நோய் ஒன்று. பித்தும் சோர்வுமாக மாறி மாறி வந்து, இடையில் ஆள் பழையபடி தெளிந்துவிடும் நோய் மற்றொன்று. 1899-இல் வந்த அவருடைய பாடநூலின் ஆறாம் பதிப்பு இந்தப் பிரிவினையை நிலைநிறுத்தியது. முதலாவதற்கு சூரிச்சின் ஒய்கன் பிளாய்லர் 1908-இல் 'ஷிசோஃப்ரினியா' என்று பெயர் வைத்தார். தமிழில் மனச்சிதைவு என்கிறோம். இரண்டாவதை இன்று இருதுருவ நோய் என்கிறோம். இன்றைக்கும் மனநல மருத்துவர் மனதுக்குள் முதலில் போடும் கோடு இதுதான்.

கிரெப்பெலினுக்கு முன்னுதாரணமாக இருந்தது பொதுப் பக்கவாதம்தான். ஒரே போக்கு, ஒரே முடிவு, மூளையில் கண்ணால் பார்க்கக்கூடிய சேதம். இந்த ஒன்றுக்குக் காரணம் கிடைத்துவிட்டால் மற்றவற்றுக்கும் கிடைக்கும் என்று ஒரு தலைமுறையே நம்பியது. அந்தத் தலைமுறையில் ஒருவர் அலோயிஸ் அல்சைமர்.

அவர் பெயர் இன்று மறதி நோயோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் 1904-இல் அவர் பல்கலைக்கழக ஆசிரியர் தகுதிக்காக எழுதிய பெரிய ஆய்வு, பொதுப் பக்கவாதத்தில் மூளைத் திசு எப்படி மாறுகிறது என்பதைப் பற்றியதுதான். மூளையை மெல்லிய சீவல்களாக நறுக்கி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்து இது பொதுப் பக்கவாதம், இது வேறு என்று பிரித்துச் சொல்லும் கலையை அவர் இந்த நோயில்தான் கற்றார்.

அதற்கு மூன்று வருடம் முன்னால், 1901 நவம்பரில், ஃபிராங்ஃபர்ட் காப்பகத்தில் ஐம்பத்தொரு வயது அவுகுஸ்டெ டெட்டர் அவர் முன் உட்கார்ந்திருந்தார். பெயர் என்ன என்று கேட்டார். "அவுகுஸ்டெ." குடும்பப் பெயர்? "அவுகுஸ்டெ." கணவர் பெயர்? கொஞ்சம் தயங்கி, "அவுகுஸ்டெ என்று நினைக்கிறேன்." மதியம் காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், என்ன சாப்பிடுகிறீர்கள் என்றதற்குக் கீரை என்றார். நடுவில் ஒரு தடவை, "நான் என்னையே தொலைத்துவிட்டேன்" என்றார். இதையெல்லாம் அல்சைமர் வரி வரியாகக் கையால் எழுதிவைத்தார். தொலைந்துபோனதாக நினைத்த அந்தக் கோப்பு 1990-களில் ஃபிராங்ஃபர்ட்டிலேயே மீண்டும் கிடைத்தது. அதில் இருந்த உரையாடலைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரியம்மாவும் டாக்டரிடம் கிட்டத்தட்ட அப்படித்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

1906 ஏப்ரலில் அந்த அம்மாள் இறந்தார். அப்போது மியூனிக்கில் கிரெப்பெலினிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்த அல்சைமர், மூளையை வரவழைத்துப் பார்த்தார். நரம்பணுக்களுக்குள் முறுக்கிய நூல் சிக்கல்கள். அணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிவு. அந்த நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 1910-இல் கிரெப்பெலின் தன் பாடநூலில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயரிட்டார்.

இனி பொதுப் பக்கவாதத்துக்கு என்ன காரணம் என்ற கேள்விக்கு வருவோம். சந்தேகம் பழையது. 1857-இலேயே எஸ்மார்க், யெசன் என்ற இரண்டு மருத்துவர்கள், இந்த நோயாளிகளுக்கு முன்பு ஒரு காலத்தில் சிபிலிஸ் வந்திருக்கிறது என்று எழுதினார்கள். நம் ஊரில் சிபிலிஸுக்குப் பரங்கிப் புண் என்று பெயர். பரங்கியர் கொண்டுவந்தது என்பதால் அந்தப் பெயர். அதற்கு மருந்தாகக் கொடுத்த கிழங்குக்குப் பரங்கிப்பட்டை என்று நாட்டு மருந்துக் கடையில் இன்றும் பெயர் இருக்கிறது. நோய் கடல் தாண்டி வந்ததைச் சொற்களே சாட்சி சொல்கின்றன.

ஆனால் எஸ்மார்க்கையும் யெசனையும் பலர் ஏற்கவில்லை. புண் வந்து ஆறிப் பத்து, இருபது வருடம் கழித்துத்தான் மூளை நோய் தலைகாட்டும். அதற்குள் நோயாளி அதை மறந்திருப்பார் அல்லது மறைத்திருப்பார். சிபிலிஸ் வந்த எல்லோருக்கும் இது வருவதும் கிடையாது. மிகச் சிலருக்குத்தான் வரும். குடும்பத் தலைவரை, ராணுவ அதிகாரியைப் பார்த்து 'உங்களுக்கு வந்தது பரங்கிப் புண்ணின் மிச்சம்' என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதிக உழைப்பு என்று எழுதிவிடுவது எளிதாக இருந்தது.

1897-இல் கிராஃப்ட்-எபிங் என்ற ஆஸ்திரிய மருத்துவர் மாஸ்கோ மாநாட்டில் ஒரு சோதனையை அறிவித்தார். பொதுப் பக்கவாதம் உள்ள ஒன்பது பேருக்குச் சிபிலிஸ் புண்ணிலிருந்து எடுத்ததை உடம்பில் ஏற்றிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் புதிதாகப் புண் வரவில்லை. ஏற்கெனவே அந்த நோய் உள்ளே இருப்பதால்தான் புதிதாகப் பற்றவில்லை என்பது முடிவு. தர்க்கம் சரி. ஆனால் தன்னைப் பேரரசர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம், யாராலும் சம்மதம் வாங்கியிருக்க முடியாத ஒருவரிடம், வேண்டுமென்றே ஒரு நோயைச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். இந்த வரலாற்றில் வெற்றியும் கொடுமையும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்றைப் படித்து மற்றதை விட்டுவிட என்னால் முடியவில்லை.

அதன் பிறகு வேகம் பிடித்தது. 1905-இல் பெர்லினில் ஷௌடினும் ஹாஃப்மனும் சிபிலிஸ் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். தக்கை திருகியைப் போலச் சுருள் சுருளாக இருக்கும் மெல்லிய கிருமி. 1906-இல் ஆகஸ்ட் வாசர்மன் தன் சகாக்களோடு சேர்ந்து இதற்கு ஒரு ரத்தப் பரிசோதனையை உருவாக்கினார்.

அந்தச் சோதனை எப்படி வேலை செய்தது என்பது அழகான விஷயம். நம் ரத்தத்தில் இயற்கையாகவே 'காம்ப்ளிமென்ட்' என்ற பொருள் உண்டு. நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் தன் இலக்கைப் பிடித்துக்கொண்டால், இந்தக் காம்ப்ளிமென்ட் அங்கே போய்ச் செலவாகிவிடும். வாசர்மன் நோயாளியின் ரத்த நீரை, சிபிலிஸ் நோயாளியின் எதிர்ப்பொருள் பிடித்துக்கொள்ளும் ஒரு திசுச் சாற்றோடும் அளந்த காம்ப்ளிமென்ட்டோடும் கலந்தார். கொஞ்ச நேரம் கழித்து, உடையத் தயாராக வைத்திருந்த ஆட்டின் சிவப்பணுக்களை அதில் ஊற்றினார். நோயாளியிடம் சிபிலிஸின் அடையாளம் இல்லையென்றால் காம்ப்ளிமென்ட் மிச்சம் இருக்கும். அது சிவப்பணுக்களை உடைத்து, குழாய் முழுக்கத் தெளிந்த சிவப்பாகும். அடையாளம் இருந்தால் காம்ப்ளிமென்ட் முன்பே தீர்ந்துபோயிருக்கும். சிவப்பணுக்கள் உடையாமல் குழாயின் அடியில் மணலைப் போலப் படியும். பதிவேட்டில் எழுதிய குடும்பக் கதையெல்லாம் ஒரு கண்ணாடிக் குழாயின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவட நீரை எடுக்கும் முறை 1891-லிருந்தே இருந்தது. அந்த நீரிலும் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தார்கள். பொதுப் பக்கவாத நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அடியில் மணல்தான்.

இன்னும் ஒரு படி மீதி இருந்தது. கிருமி மூளைக்குள்ளேயே இருக்கிறதா, அல்லது எப்போதோ வந்துபோனதன் பின்விளைவு மட்டும்தானா? அதை முடித்துவைத்தவர் ஹிதேயோ நொகுச்சி. ஜப்பானில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, குழந்தையாக இருந்தபோது அடுப்பில் விழுந்து இடது கை கருகியவர். அந்தக் கையோடு நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்துக்கு வந்து, நாள் கணக்குப் பார்க்காமல் நுண்ணோக்கியில் குனிந்திருந்தவர். 1913-இல் அவரும் மூர் என்ற மருத்துவரும் பொதுப் பக்கவாதத்தில் இறந்த 70 பேரின் மூளைத் திசுக்களை வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட மூளைகளில், நரம்புத் திசுவின் உள்ளேயே அந்தச் சுருள் கிருமி இருந்தது. பேல் ஆய்வேடு எழுதி 91 வருடம் ஆகியிருந்தது. ஒரு மனநோய்க்கு இதுதான் காரணம் என்று கண்ணாடிச் சில்லில் வைத்துக் காட்ட முடிந்த முதல் தருணங்களில் அது ஒன்று.

காரணம் தெரிந்தது; மருந்து? எர்லிக்கும் ஹாட்டாவும் கண்டுபிடித்து 1910-இல் விற்பனைக்கு வந்த சால்வர்சான் என்ற மருந்து சிபிலிஸின் தொடக்க நிலையில் நன்றாக வேலை செய்தது. மூளைக்குள் போன பிறகு அதனால் பெரிய பயனில்லை. வியன்னாவில் யூலியஸ் வாக்னர்-யாவுரெக் என்ற பேராசிரியருக்கு வேறொரு யோசனை இருந்தது. கடுமையான காய்ச்சல் கண்டு பிழைத்த மனநோயாளிகள் சிலர் தெளிந்துவிடுவதை அவர் பார்த்திருந்தார். 1887-லேயே அதைப் பற்றி எழுதியிருந்தார். 1917 ஜூன் 14 அன்று, முறைக்காய்ச்சலோடு வந்திருந்த ஒரு போர்வீரரின் ரத்தத்தை எடுத்துப் பொதுப் பக்கவாத நோயாளிகளுக்குச் செலுத்தினார்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் மலேரியா அது. முதலில் பல் கிடுகிடுக்கும் குளிர், பிறகு நாற்பது டிகிரியைத் தொடும் அனல், கடைசியில் படுக்கையே நனையும் வேர்வை. இப்படி ஏழெட்டு முறை, சிலருக்குப் பத்துப் பன்னிரண்டு முறை வரவிட்டு, அதன்பின் குயினைன் கொடுத்து நிறுத்திவிடுவார்கள். முதல் ஒன்பது பேரில் ஆறு பேர் நன்றாகத் தேறினார்கள். அவர்களில் சிலருக்கு நோய் திரும்பியது. வந்தால் சாவுதான் என்றிருந்த நோயில் இதுவே பெரிய அதிசயம். காப்பகத்திலிருந்து வீட்டுக்கும் வேலைக்கும் திரும்பியவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். 1927-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் மனநல மருத்துவர் அவர்தான்.

இதற்குக் கொடுத்த விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தொடக்க காலத்தில் ஒரு தடவை தவறான வகை மலேரியாவைச் செலுத்தி, நான்கு பேரில் மூன்று பேர் இறந்தார்கள். சரியான வகையைக் கொடுத்தபோதும் நூற்றுக்குப் பத்துப் பேர் வரை சிகிச்சையிலேயே இறந்ததாகப் பல மருத்துவமனைகளின் கணக்குகள் காட்டுகின்றன. காய்ச்சல் கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டுப் பார்க்கும் இன்றைய வகை ஆய்வு ஒன்றுகூட நடக்கவில்லை. அதனால் அது எவ்வளவு பலித்தது, எப்படிப் பலித்தது என்பது இன்றும் விவாதம்தான். சுருள் கிருமிக்குச் சூடு ஆகாது என்பது ஒரு விளக்கம். காய்ச்சல் உடம்பின் எதிர்ப்பைத் தூண்டியது என்பது மற்றொன்று. 1943-இல் பென்சிலின் சிபிலிஸைக் குணப்படுத்தும் என்று தெரிந்த பிறகு, மலேரியா சிகிச்சை சில வருடங்களில் மறைந்தது. காப்பகங்களிலிருந்து பேரரசர்களும் மறைந்தார்கள்.

ஒரு நோயில் கிடைத்த வெற்றி மற்ற நோய்களைப் பார்க்கும் கண்ணையும் மாற்றியது. இங்கே அடுத்தடுத்து மூன்று பேரைச் சொல்கிறேன்.

முதலாமவர் ஹென்றி காட்டன், நியூ ஜெர்சியில் ட்ரென்டன் அரசு மனநல மருத்துவமனையின் தலைவர். நல்ல மனதோடு வந்தவர். பதவிக்கு வந்ததும் நோயாளிகளைக் கட்டிவைக்கும் பழக்கத்தை நிறுத்தியவர். மியூனிக்கில் போய்ப் படித்தவர். பொதுப் பக்கவாதத்துக்குக் கிருமி காரணம் என்றால், மற்ற மனநோய்களுக்கும் உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் சீழ்தான் காரணம் என்று அவர் உறுதியாக நம்பினார். பல்லைப் பிடுங்கினார். பிறகு டான்சில். அதிலும் சரியாகவில்லை என்றால் வயிற்றில் ஒரு பகுதி, பெருங்குடல். நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் குணமானதாக அறிவித்தார். 1924-இல் ஃபிலிஸ் கிரீனேக்கர் என்ற இளம் பெண் மருத்துவர் ஆய்வு செய்ய அனுப்பப்பட்டார். அவர் பதிவேடுகளைத் தோண்டி, நோயாளிகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது குணம் கிடையாது; குடல் அறுவை செய்தவர்களில் ஏராளமானோர் இறந்திருந்தார்கள். பல் இல்லாததால் சரியாகச் சாப்பிட முடியாமல், பேச முடியாமல் நோயாளிகள் வார்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய அறிக்கையை மேலிடத்தில் அமுக்கிவிட்டார்கள். அறுவை தொடர்ந்தது. காட்டன் தன் சொந்தப் பிள்ளைகளின் பல்லையும் பிடுங்க வைத்தார். அவர் நம்பிக்கையில் பொய் இல்லை. சரிபார்க்க விடாத நம்பிக்கை அது.

இரண்டாமவர் ஜோசப் கோல்ட்பெர்கர். அதே காலம், அதே நாடு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெல்லாக்ரா என்ற நோய் பரவியிருந்தது. தோல் உரியும், பேதியாகும், புத்தி கலங்கும், கடைசியில் சாவு. மனநலக் காப்பகங்கள் இந்த நோயாளிகளால் நிறைந்தன. இதற்கும் கிருமிதான் காரணம் என்று பலர் உறுதியாகச் சொன்னார்கள். 1914-இல் இந்த வேலைக்கு அனுப்பப்பட்ட கோல்ட்பெர்கர், காப்பகங்களுக்குப் போய் ஒரு விஷயத்தைக் கவனித்தார். நோயாளிகளுக்கு வருகிறது, அவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருக்கும் செவிலியருக்கும் ஊழியருக்கும் வருவதில்லை. கிருமி இப்படி ஆள் பார்த்துத் தொற்றுமா? தட்டைப் பார்த்தார். நோயாளிகளுக்கு மக்காச்சோளம், பன்றிக் கொழுப்பு, வெல்லப் பாகு. ஊழியருக்குப் பாலும் இறைச்சியும் கிடைத்தது.

அநாதை இல்லங்களில் பாலும் முட்டையும் இறைச்சியும் சேர்த்துக் கொடுக்க வைத்தார், நோய் நின்றது. மிசிசிப்பி சிறைப் பண்ணையில், விடுதலை கிடைக்கும் என்ற வாக்குறுதியின் பேரில் முன்வந்த கைதிகளுக்குத் தென் மாநில ஏழைகளின் உணவையே கொடுத்தார். சில மாதங்களில் ஆறு பேருக்கு நோய் வந்தது. அப்போதும் நம்பாதவர்களுக்காக, அவரும் நண்பர்களும் நோயாளிகளின் ரத்தத்தை ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள். உரிந்த தோலையும் கழிவையும் மாவில் உருட்டி மாத்திரையாக விழுங்கினார்கள். அவர் மனைவியும் அந்த ரத்த ஊசியைப் போட்டுக்கொண்டார். யாருக்கும் நோய் வரவில்லை. குறைந்திருந்த சத்து நியாசின் என்று தெரிந்தது 1937-இல். அதற்கு எட்டு வருடம் முன்பே கோல்ட்பெர்கர் இறந்துவிட்டார். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துச் சாப்பிட்ட மெக்சிகோ மக்களுக்கு இந்த நோய் பெரிதாக வராததன் காரணமும் அப்புறம்தான் விளங்கியது. சுண்ணாம்பு அந்தச் சத்தை உடம்புக்கு எட்டும்படி விடுவித்துத் தருகிறது.

காட்டனும் கோல்ட்பெர்கரும் தேடியது ஒன்றைத்தான்: மனநோய்க்கு உடம்பில் ஒரு காரணம். ஒருவர் தனக்குப் பிடித்த பதிலோடு வார்டுக்குள் நுழைந்தார். மற்றவர் வார்டில் யாருக்கு வரவில்லை என்று பார்த்தார். இந்த வித்தியாசத்தை நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மூன்றாமவரைப் பற்றி நீட்டி எழுதக் கை வரவில்லை. எர்ன்ஸ்ட் ரூடின், கிரெப்பெலினிடம் பயின்றவர். மனச்சிதைவுக்குக் கிருமியும் கிடைக்கவில்லை, மூளையில் அல்சைமர் பார்த்ததைப் போன்ற சேதமும் கிடைக்கவில்லை என்றபோது, அவர் பரம்பரை பக்கம் திரும்பினார். நோயாளிகளின் உடன்பிறந்தோரைக் கணக்கெடுத்து 1916-இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். பரம்பரைக்கு மெண்டல் சொன்ன எளிய விதிக்குள் நோய் அடங்கவில்லை என்பதே அதில் தெரிந்தது. ஆனாலும் அவர் நிற்கவில்லை. 1933-இல் நாஜி அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கு விளக்கவுரை எழுதியவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சட்டத்தின் கீழ் சுமார் 4,00,000 பேருக்கு வலுக்கட்டாயமாகக் கருத்தடை செய்தார்கள். பிறகு நோயாளிகளைக் கொல்லவே தொடங்கினார்கள்.

மனநல மருத்துவத்துக்கு எதற்குமே காரணம் தெரியாது என்று சிலர் ஏளனமாகச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. காரணம் தெரிந்த ஒவ்வொரு நோயும் அந்தத் துறையை விட்டு வெளியேறிவிட்டது. பொதுப் பக்கவாதம் தொற்றுநோய்ப் பிரிவுக்குப் போனது. பெல்லாக்ரா சத்துணவுப் பாடத்துக்குப் போனது. அல்சைமர் நோய் பெருமளவு நரம்பியல் மருத்துவரிடம் போய்விட்டது. மனச்சிதைவும் இருதுருவ நோயும் மீதி இருக்கின்றன. கிரெப்பெலினின் அட்டைகளில் பிரிந்த இரண்டு குவியல்களும் இன்னும் அதே இடத்தில்தான். அவற்றுக்கு மருந்து உண்டு, லட்சக்கணக்கானோர் அந்த மருந்தால் வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். நொகுச்சி காட்டியதைப் போன்ற ஒற்றைக் காரணம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அவற்றில் பங்கு வகிக்கும் மரபணுக்களே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன என்று தெரிந்த பிறகு, ஒற்றைக் கிருமியைப் போல ஒன்று அங்கே கிடைக்கும் என்று நான் எதிர்பார்ப்பதும் இல்லை.

ஒரு மனிதர் புதிதாகக் குழம்பத் தொடங்கினால், மனதைத் தொடுவதற்கு முன் உடம்பை ஒரு தடவை சரிபார்த்துவிட வேண்டும் என்பது அந்தக் காலத்தில் கற்ற பாடம். தைராய்டு குறைந்தால் ஆள் மந்தமாகலாம், சந்தேகப் பேய் பிடிக்கலாம். பி12 குறைந்தால் மறதியும் பிரமையும் வரலாம். சோடியம் இறங்கினால் ஒரே நாளில் யார் எவர் என்று தெரியாமல் போகலாம். சிபிலிஸ் மூளை வரை போவது இன்று அபூர்வம், ஆனால் அந்த நோய் உலகை விட்டுப் போய்விடவில்லை. வந்திருந்தால் பென்சிலினால் அதைக் கொன்றுவிடலாம். வி.டி.ஆர்.எல். என்பது வாசர்மன் காட்டிய வழியில் வந்த எளிய பரிசோதனை. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுக்கிறார்கள். யாருடைய ஒழுக்கத்தைப் பற்றியும் அது ஒரு வார்த்தை சொல்வதில்லை.

இதையெல்லாம் படித்து முடித்து அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அன்னைக்கு அந்த லேப் பொண்ணுகிட்ட கத்திட்டேன்டா" என்றார்.

பெரியம்மாவின் முடிவுகள் மறுநாள் மாலையே வந்திருந்தன. வி.டி.ஆர்.எல். நான்-ரியாக்டிவ், அதாவது சிபிலிஸின் அடையாளம் இல்லை. சர்க்கரை, தைராய்டு, சோடியம் மூன்றும் சரி. பி12 மட்டும் அடிமட்டத்தில் இருந்தது. ஊசி போடத் தொடங்கி இரண்டு மாதத்தில் வாசலில் நின்ற அவருடைய அண்ணன் வருவதை நிறுத்திவிட்டார். ராத்திரி கதவைத் திறப்பதும் நின்றது. மறதி முழுதாகப் போகவில்லை. பால் வைத்தால் இப்போதும் யாராவது ஒருவர் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறோம்.